ஆறில் இரண்டு

கெல்தூமைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள்: ரொட்டி நன்றாகச் சுடுவாள், வாய் கொஞ்சம் நீளம். இரண்டும் உண்மைதான். அவள் தோட்டம் ஏன் காய்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், உடனே எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். எனக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. நான் ராக்கியா, அவள் பக்கத்துத் தோட்டக்காரி. அவள் அண்ணன் தாஹர் வாத்தியார் நான்காம் வகுப்பு நடத்திய பள்ளிக்கூடத்தில், அடுத்த அறையில் மூன்றாம் வகுப்பு நடத்தியவள். நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதால் கேட்டேன்.

கெல்தூம் சிறுமியாக இருந்தபோது பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பக்கத்து நகரமான திமிமூனில் விடுதியில் தங்கிப் படித்த தாஹர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தங்கைக்குச் சுவரில் கரியால் எழுதிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். சுவரைப் பாழாக்கிவிட்டீர்களே என்று அம்மா கத்துவாள். இருவரும் சேர்ந்து சுண்ணாம்பு அடிப்பார்கள். மறுநாள் அதே சுவரில் பெருக்கல் கணக்கு தொடங்கிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாஹர் பிறக்கும்போதே அயோக்கியன் என்று ராக்கியா எழுதினாள் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. அவர் நல்ல அண்ணனாகத்தான் இருந்தார். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

அவளுக்குக் கல்யாணம் ஆனது, வடக்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த ஒருவனோடு. அவன் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, தன் சித்தப்பா மகன் வாயால் தலாக் சொல்லி அனுப்பினான். வந்தவனுக்கு அவள் முறைப்படி மூன்று சுற்றுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கடைசிச் சுற்று முடிந்ததும், "நேர்ல வந்து சொல்ல முதுகெலும்பு இல்லாதவனோட இத்தனை நாள் குடும்பம் நடத்துனதுக்கு நான்தான் வெக்கப்படணும்னு போய்ச் சொல்லு" என்றாள். பிள்ளை குட்டி இல்லை. அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பா ஹாஜி மவ்லூத் அவளிடம் கீழ்த்தோட்டத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பார்த்துக்கொண்டாள். ஈச்ச மரங்களுக்கு அடியில் பார்லி, அவரை, காரட், புதினா, ஆடுகளுக்குக் குதிரைமசால் என்று ஓர் அங்குலம் வீணாக்கவில்லை. ஆண்கள் கூட வேலியருகே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பாராட்ட மட்டும் யாருக்கும் வாய் வராது.

எங்கள் ஊரில் நிலம் பெரிய சொத்து இல்லை. நிலம் என்பது மணல், அது கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கிறது. தண்ணீர்தான் சொத்து. மேட்டிலிருந்து சுரங்க வாய்க்காலில் வரும் தண்ணீர் ஊருக்கு வெளியே சீப்புக்கல்லில் வந்து முட்டும். சீப்புப் பல் போல இடைவெளி விட்டு வெட்டிய நீளமான கல் அது. ஒவ்வோர் இடைவெளியும் ஒரு குடும்பத்தின் பங்கு. அதற்குள் பாய்வது அந்தக் குடும்பத்தின் வாய்க்காலுக்குப் போய், அவர்கள் தொட்டியில் இரவெல்லாம் நிரம்பும். அளவின் பெயர் ஹப்பா. ஹாஜி மவ்லூத்துக்கு இரண்டு ஹப்பா இருந்தது.

அவர் இறந்ததும் பங்கு பிரிக்க வேண்டி வந்தது. மேல்தோட்டம் அண்ணனுக்கு, கீழ்த்தோட்டம் தங்கைக்கு என்பதில் தகராறு இல்லை. தண்ணீருக்கும் முறை தெளிவானதுதான்: மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இரண்டு ஹப்பாவை அப்படிப் பிரித்தால் தாஹருக்கு மூன்றில் நான்கு வரும், அதாவது ஒரு முழு ஹப்பாவும் இன்னொரு ஹப்பாவில் மூன்றில் ஒன்றும். கெல்தூமுக்கு ஒரு ஹப்பாவில் மூன்றில் இரண்டு. எங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளை தூக்கத்தில் கூட இதைச் சொல்லும். சொல்லாவிட்டால் தாஹர் வாத்தியார் விட மாட்டார்.

பின்னத்துக்கென்றே பேர் போனவர் அவர். மேலே பெரிய எண்ணும் கீழே சின்ன எண்ணும் வரும் தகா பின்னத்தைக் கண்டால் பிள்ளைகளுக்கு உதறும். மூன்று துண்டு ரொட்டியில் நான்கு துண்டை எப்படி எடுப்பது? தாஹர் இரண்டு ரொட்டியோடு வகுப்புக்குள் நுழைவார், வெளியே வரும்போது பிள்ளைகளுக்கு அது புரிந்திருக்கும். சுற்று வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து வாத்தியார்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர்ச் சபையில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள்.

தண்ணீர் அளப்பது பஹூஸின் வேலை. அவனும் அவருடைய பழைய மாணவன், பின்வரிசைக்காரன். அவன் அப்பாவிடமிருந்து அந்த வேலை அப்போதுதான் அவன் கைக்கு வந்திருந்தது. அவனிடம் துளை போட்ட செப்புத் தகடு ஒன்று இருக்கும். ஒரு ஹப்பாவுக்கு இருபத்துநான்கு துளை. வேண்டிய துளைகளைத் திறந்துவிட்டு மற்றதைக் களிமண்ணால் அடைத்து, அதில் பாயும் தண்ணீருக்குத் தகுந்தபடி கல்லில் இடைவெளியைச் செதுக்குவார்கள். கணக்கை மணலில் விரலால் போடுவான். எல்லோரும் சரி என்றதும் உள்ளங்கையால் மணலை அழித்துவிட்டு, கூடி குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதி முகத்தைத் தடவிக்கொள்வார்கள். அதோடு முடிந்தது. பாத்திஹா ஓதிய பங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. பங்குக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வந்து கேட்டால் மறுபடி அளப்பார்கள், அல்லது அவர்களில் ஒருவர் இறந்தால் அளப்பார்கள்.

அளக்கும் நாளில் பெண்கள் சீப்புக்கல் பக்கம் போவதில்லை. ஆனால் என் தோட்டச் சுவர் அந்தக் கல்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. சுவருக்குக் காது இல்லை, எனக்கு உண்டு.

பஹூஸ் மணலில் விரலை வைத்ததுதான் தாமதம், தாஹரின் குரல் கேட்டது.

"இருடா. உன் துளைக் கணக்கு யாருக்குப் புரியும்? நான் படம் போட்டுக் காட்டுறேன், எல்லாரும் பாக்கட்டும்."

சுவர் இடுக்கு வழியே பார்த்தேன். மணலில் அழகாக இரண்டு வட்டம் போட்டிருந்தார்.

"இது ரெண்டும் எங்கப்பாவோட ரெண்டு ஹப்பா. ஒவ்வொண்ணையும் மூணா வெட்டுறேன். மொத்தம் எத்தனை துண்டு?"

"ஆறு!" என்று தாடி வைத்த ஆண்களெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள்.

"எனக்கு நாலு, தங்கச்சிக்கு ரெண்டு. சரியா?"

"சரி, வாத்தியாரே!"

பஹூஸ் தகட்டைக் கையில் எடுத்தான். "கெல்தூம் அக்காவுக்கு எவ்வளவு திறக்கட்டும்?"

"ஆறுல ரெண்டு. அப்படின்னா மூணுல ஒண்ணு."

"எதுல மூணுல ஒண்ணு, வாத்தியாரே?"

"பாருங்கய்யா! நாலாங்கிளாஸ்ல முழிச்ச அதே முழி. படம் உன் மூக்குக்கு முன்னாடி கெடக்கு. ஆறுல ரெண்டு, மூணுல ஒண்ணு. தகட்டைத் திறடா."

எல்லோரும் சிரித்தார்கள். பஹூஸின் காது சிவந்தது. இருபத்துநான்கு துளையில் எட்டைத் திறந்தான். மிச்சமெல்லாம் தாஹரின் வாய்க்கால் பக்கம் போனது. மணலை அழித்தார்கள், பாத்திஹா ஓதினார்கள், தேநீர் குடித்தார்கள். அழகான படம் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

மறுநாள் காலை கெல்தூம் என் சமையலறைக்குள் புயல் மாதிரி வந்தாள்.

"ராக்கியா, என் தொட்டியில பாதி கூட நெறையல. நேத்து அங்க என்னதான் பேசுனாங்க?"

கேட்டதைச் சொன்னேன். அவள் என் கூடையிலிருந்து இரண்டு ரொட்டியை எடுத்தாள். ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிய்த்தாள். நான்கு துண்டை அந்தப் பக்கம் தள்ளினாள், இரண்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"ஒரு ரொட்டியை மூணாப் பிச்சா ஒரு துண்டு மூணுல ஒண்ணு. என்கிட்ட ரெண்டு துண்டு இருக்கு. அப்போ மூணுல ரெண்டுதானே? ஆறு எங்கேர்ந்து வந்துச்சு? ரெண்டு ரொட்டியையும் சேத்து ஒண்ணா நெனச்சாத்தான் ஆறு. பங்கு போடுறப்போ ரெண்டு ரொட்டியையும் ஒண்ணாச் சேத்துட்டு, அளக்குறப்போ மட்டும் எனக்கு ஒத்த ரொட்டியில அளந்திருக்காங்க." அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எட்டு துளை இல்லடி. பதினாறு. எனக்கு வரவேண்டியது பதினாறு."

எனக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. மூன்றில் நான்கை ஆறில் நான்கு என்று எழுதும் பிள்ளைகள் செய்வதும் இதே தப்புதான். வருடா வருடம் தாஹர் சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிற தப்பு. அதை அவரே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்.

ரொட்டித் துண்டுகளைத் துணியில் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். கெல்தூம் துணியை அவிழ்த்து அவர் முன்னால் பரப்பி, எனக்குச் சொன்னது போலவே சொன்னாள். அவர் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்தது. அந்த நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது, சத்தியம் செய்வேன்.

"பாத்திஹா ஓதியாச்சு, கெல்தூம்" என்றார் கடைசியில்.

"அதனால என்ன? பங்குக்காரங்க நாம ரெண்டே பேரு. சேந்து போய்க் கேப்போம், திறந்துடுவாங்க."

"போய் என்னன்னு கேக்குறது? தாஹருக்குப் பின்னம் தெரியல, மறுபடி அளங்கன்னா? அத்தனை பேரும் என்கிட்டப் படிச்சவங்க. நாளைக்கு வகுப்புல நான் எப்படி நிப்பேன்?"

"என் மரம் எப்படி நிக்கும் அண்ணே?"

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் என் வாய்க்காலை உன் பக்கம் திருப்பி விடுறேன். சாயங்காலம் வரைக்கும் பாயட்டும். போதும்ல?"

வாரம் முழுக்க எடுத்துக்கொண்டு ஒரு பிற்பகலைத் திருப்பித் தந்தால் எப்படிப் போதும்? இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. முதல் நாள் நடந்தது தவறு, யாருக்கும் வரக்கூடிய தவறு, அதை நான் பொறுத்துக்கொள்வேன். மறுநாளிலிருந்து அது திருட்டு. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்காதீங்க, லல்லா ராக்கியா" என்று, பெரிய பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல் குறையாமல் கதவைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் நடந்த கூத்துதான் இன்னும் கொடுமை. தொழுகை முடிந்து எல்லா ஆண்களும் பார்க்கும்படி தாஹர் மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் திருப்பி விடுவார். "கூடப் பொறந்தவளை இப்படித்தான் தாங்கணும்" என்று ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இமாம் ஒருமுறை பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தார். யாரோ கெல்தூமிடம் போய், அண்ணனுக்கு துவா செய் என்று சொல்ல, அவள் சொன்னாள்: "என் தண்ணியை எனக்கே தானம் பண்ற அண்ணன் ஒலகத்துல வேற யாருக்குக் கெடைப்பான்?" நன்றி கெட்டவள், வாய் நீளம் என்ற பெயர் அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது.

பஹூஸைச் சந்தில் மடக்கினேன். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"பதினாறுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், லல்லா. அதனாலதான் எதுலன்னு கேட்டேன். கேட்டதுக்கு என்ன கெடைச்சுதுன்னு நீங்களே கேட்டிருப்பீங்க."

"அப்போ சபையில சொல்லு."

"அவர் என் வாத்தியார். அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னா அடுத்த நிமிஷம் திறந்து விடுறேன். நானா எப்படிச் சொல்றது?"

தெரிந்தவர்கள் நான்கு பேர் ஆனோம். தெரிந்து என்ன பயன்?

முதலில் குதிரைமசால் போனது. பிறகு அதைத் தின்ற ஆடுகளை விற்றாள். அவரை காய்ந்தது. கீழ்க் கோடியிலிருந்த ஈச்ச மரங்களுக்கு வாரம் ஒரு முறைதான் தண்ணீர் போக, குலை சிறுத்து, காய் சுருங்கி, கடைசியில் குருத்தே மஞ்சளானது. மேல்தோட்டத்தில் தாஹர் புதிதாகத் தக்காளி போட்டிருந்தார். எனக்கும் ஒரு கூடை கொடுத்தனுப்பினார், அப்படியே திருப்பி அனுப்பினேன். கெல்தூம் வயிற்றுப்பாட்டுக்கு எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் ரொட்டி சுடும் வேலைக்கு வந்தாள். அண்ணன் வாத்தியார், தங்கை அடுப்படியில். பார்ப்பவர்களுக்கு அதுவும் அவருடைய தயவாகத்தான் தெரிந்தது.

ஒரு நாள் திமிமூனிலிருந்து ஆய்வாளர் வந்தார், தாஹரின் புகழ் பெற்ற பாடத்தைப் பார்க்க. நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியிலிருந்து கெல்தூம் இரண்டு ரொட்டியைச் சூடாகக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, போகாமல் கதவருகே நின்றாள். தாஹர் ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினார். நான்கு துண்டைத் தூக்கித் தட்டில் வைத்தார்.

"தட்டுல எவ்வளவு ரொட்டி இருக்கு?"

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "ஆறுல நாலு, வாத்தியாரே."

"மேசையில ஆறு துண்டு பாத்த, அதான் ஆறுன்னுட்ட. நான் எத்தனை ரொட்டின்னுதான் கேட்டேன். ஒரு ரொட்டியில எத்தனை துண்டு?"

"மூணு."

"அப்போ ஒரு துண்டு?"

"மூணுல ஒண்ணு."

"தட்டுல?"

அவள் விரலால் எண்ணினாள். மூன்று துண்டை ஒன்றாக வட்டம் சேர்த்துப் பார்த்தாள், முழு ரொட்டியானது. ஒரு துண்டு தனியே நின்றது. "மூணுல நாலு! ஒரு முழு ரொட்டியும், மூணுல ஒண்ணும்!"

"மூணுல நாலுங்கறது தகா பின்னம். ஒண்ணும் மூணுல ஒண்ணும்னு பிரிச்சுச் சொன்னா அது கலப்புப் பின்னம். ரெண்டும் ஒரே அளவு ரொட்டிதான்."

ஆய்வாளர் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டின. சத்தம் அடங்கியதும் கதவருகிலிருந்து கெல்தூமின் குரல் வந்தது.

"வாத்தியாரே, மேசையில ரெண்டு துண்டு மிச்சம் இருக்கே. அது ஆறுல ரெண்டா, மூணுல ரெண்டா?"

தாஹர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையிலிருந்த சுண்ணக்கட்டி உடைந்தது. "மிச்சத்தை அடுப்படிக்கு எடுத்துட்டுப் போ" என்றார்.

பிள்ளைகள் சிரித்தன. சமையற்காரிக்குக் கூடக் கணக்கில் ஆசை பாருங்கள் என்று ஆய்வாளரும் சிரித்தார். கெல்தூம் அந்த இரண்டு துண்டையும் முந்தானையில் போட்டுக்கொண்டு போனாள். அன்று எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை, அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற வருடமே, கோடையில் ஒரு நாள் தாஹர் தொழுகைக்குக் கை கால் கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். செய்தி கேட்டு கெல்தூம் கால்செருப்பு இல்லாமல் ஓடினாள். பெண்கள் கூடிய அறையில் அவள் அழுத அழுகையைப் போல யாரும் அழவில்லை. அவர் மனைவி கூட அப்படி அழவில்லை. "எனக்குச் சுவத்துல எழுதிக் காட்டுனியே அண்ணே" என்று சுவரையே பார்த்து அழுதாள். எனக்கு அவள் மேல் கோபமாகவும் இருந்தது, அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

சடலத்தைத் தூக்குவதற்கு முன் மூத்த மகன் லக்தர் அறை வாசலுக்கு வந்தான். அத்ரார் நகரத்தில் அலுவலக வேலையில் இருப்பவன். இறந்தவர் வீட்டில் மகன் கேட்க வேண்டியதை அவனும் கேட்டான்.

"எங்கப்பாகிட்ட யாருக்காவது எதாவது வரவேண்டியது இருந்தா எங்ககிட்டக் கேளுங்க. இல்லேன்னா அல்லாவுக்காக அவரை மன்னிச்சிடுங்க."

எல்லாப் பெண்களும் மன்னித்தோம் என்று முணுமுணுத்தார்கள். கெல்தூம் சத்தமாகச் சொன்னாள், அந்த வீடே கேட்கும்படி. "மன்னிச்சேன். எல்லாத்தையும் மன்னிச்சேன். அவனுக்குக் கபுறுக் குழி லேசாகட்டும்." லக்தர் குனிந்து அத்தையின் தலையில் முத்தமிட்டான்.

நாற்பது நாள் கழிந்ததும் தாஹரின் தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பிரிக்க சபை சீப்புக்கல்லில் கூடியது. ஒருவர் இறந்தால் மறுபடி அளக்கலாம் என்பது வழக்கம். இத்தனை வருடம் காத்திருந்த நாள் அது. வெள்ளிக்கிழமைத் தண்ணீரும் அவர் போனதோடு நின்றுபோயிருந்தது. கெல்தூமின் தோட்டத்தில் உயிரோடு மிஞ்சியது தொட்டியை ஒட்டி நின்ற ஒரு வரிசை மரம் மட்டும். எட்டுத் துளைத் தண்ணீரில் அதுவும் அடுத்த கோடையைத் தாண்டாது. "வா, போகலாம்" என்றாள். பெண்கள் அங்கே போகக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, போனதில்லை, அவ்வளவுதான். போனோம்.

ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மணலில் குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு வட்டம் போட்டாள், அண்ணனைப் போலவே வட்டமாக வந்தது. ஒவ்வொன்றையும் மூன்றாகக் கோடு கிழித்தாள். அன்று எங்கே தப்பு நடந்தது என்று நிதானமாகச் சொன்னாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் தாஹரின் மாணவர்கள். யாருக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதினாறுதான்" என்றான் பஹூஸ். "அன்னிக்கே பதினாறுதான்."

சபைத் தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். "கணக்குல குத்தம் சொல்ல முடியாது. லக்தர், நீ என்னப்பா சொல்ற?"

லக்தர் வட்டங்களைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது, அவனும் அதே வகுப்பில் படித்தவன்தான்.

"அத்தை சொல்ற கணக்கு சரி" என்றான். "ஆனா எல்லாத்தையும் மன்னிச்சேன்னு அத்தையே சொன்னாங்க. எங்கப்பாவோட சடலத்துக்கு முன்னாடி, அத்தனை பேர் கேக்க. நான் வற்புறுத்தல."

"நான் அவனை மன்னிச்சேன்டா. தண்ணியை எப்போ விட்டுக் குடுத்தேன்?"

"எல்லாத்தையும்னுதானே சொன்னீங்க அத்தை? இப்போ திருப்பிக் கேட்டா, எங்கப்பா அங்க மறுபடி பதில் சொல்லணும். அவரைக் கபுறுல நிக்க வெச்சுக் கேள்வி கேக்கப் போறீங்களா?"

அங்கே ஒரு பெருமூச்சு எழுந்தது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தப்பிக்க ஒரு வழி கிடைத்த ஆண்களின் பெருமூச்சு. கணக்கும் சரி, வாத்தியாரும் குற்றமற்றவர், யாரும் எதையும் வெட்டித் திறக்க வேண்டாம். மன்னிப்பைத் திரும்ப வாங்க முடியாது என்றார் ஒருவர். நல்ல மனசு, அல்லா கூலி தருவான் என்றார் இன்னொருவர். "வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று நான் கத்தினேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர் உள்ளங்கையால் மணலைத் தடவினார், இரண்டு வட்டமும் போயின. பாத்திஹாவுக்கு எல்லோரும் கை ஏந்தினார்கள். பஹூஸும் ஏந்தினான்.

கெல்தூம் கை ஏந்தவில்லை. ஓதி முடியும்வரை காத்திருந்துவிட்டு எழுந்தாள். கல்லில் தன் பங்கான அந்தக் குறுகலான இடைவெளிக்கு முன்னால் போய்க் குனிந்தாள். கரையிலிருந்து இரண்டு கையாலும் களிமண்ணை அள்ளி அதற்குள் வைத்து அழுத்தினாள்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"உங்ககிட்ட இருக்கறது ஒண்ணும், மூணுல ரெண்டும். என்கிட்ட மூணுல ஒண்ணு. சேத்தா முழுசா ரெண்டு ஹப்பா. உங்க பேருல எதுக்குப் பின்னம்? இதையும் வெச்சுக்கங்க."

அவள் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து, நின்றது. சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

யாராவது ஓடிப் போய் அவளைத் தடுப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. லக்தர் மட்டும் கல்லருகே போய்க் குனிந்தான். மண்ணை எடுத்துவிடத்தான் குனிகிறான் என்று ஒரு நிமிடம் நம்பினேன். ஓரத்தில் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. அவன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்துவிட்டு நிமிர்ந்தான்.